இணையவழி டேபிள்டாப் ஆட்டத்தில் பின்னணி இசையும் குரல் உரையாடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் குழு கூடும். என்னையும் சேர்த்துச் சென்னையில் மூவர், கோவையில் ஒருவர், டொரன்டோவில் ஒருவர். அவருக்கு அப்போது காலை பத்தரை, குளிர்காலமானால் ஒன்பதரை. ஆடுவது, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டேபிள்டாப் விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு. பேசுவதற்கு டிஸ்கார்டையும், வரைபடத்துக்கும் பகடைக்கும் ஃபவுண்ட்ரியையும் பயன்படுத்துகிறோம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் பொறுப்பு என்னுடையது. புதிதாக ஆட்டம் நடத்தத் தொடங்கும் நண்பர்கள் ஆட்ட விதிகளைக் காட்டிலும் ஒலி பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பின்னணி இசை அவசியந்தானா?

அவசியமில்லை. இந்த விளையாட்டு 1974இல் வெளிவந்த நாளிலிருந்து பல்லாயிரம் மேசைகளில் இசையே இல்லாமல் ஆடப்பட்டு வருகிறது. நேரில் ஆடும்போது சிப்ஸ் பாக்கெட் சரசரக்கும், நாற்காலி இழுபடும், யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். எல்லோரும் யோசனையில் ஆழ்ந்திருந்தாலும் அறை உயிரோடுதான் இருக்கும். இணையத்திலோ இரைச்சல் நீக்கும் மென்பொருள் இவை அத்தனையையும் துடைத்தெறிந்துவிடுகிறது. ஒருவர் பத்து நொடி யோசித்தால் இணைப்பே அறுந்துவிட்டதோ என்று மற்றவர்கள் "ஹலோ, கேட்குதா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். மெல்லிய மழைச் சத்தமோ சத்திரத்தின் சலசலப்போ அடியில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பதற்றம் எழுவதில்லை. மிரட்டும் போர் இசையைக் காட்டிலும் இந்தச் சூழல் ஒலிதான் இணைய ஆட்டத்துக்குப் பெரிய உதவி என்பது என் அனுபவம். நான்கு மணி நேர ஆட்டத்தில் நாங்கள் இசை என்று சொல்லத்தக்கதை ஒலிக்கவிடுவது மொத்தம் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

மைக் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டால் போதாதா?

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது இதுதான், நானும் செய்தேன். ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர், "கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது" என்றார்.

காரணம் இதுதான். உங்கள் மைக்கில் விழும் ஒலி அப்படியே பயணிப்பதில்லை. அது மூன்று வாசல்களைக் கடந்த பிறகே இணையத்தில் ஏறுகிறது. முதலாவது எதிரொலி நீக்கம். ஸ்பீக்கரிலிருந்து வந்து மைக்கில் விழுவதை அழிப்பதுதான் அதன் வேலை, எனவே உங்கள் பாட்டைத்தான் அது முதலில் குறிவைக்கும். இரண்டாவது இரைச்சல் நீக்கம். இது பேச்சு எது, பேச்சல்லாதது எது என்று பிரித்து, பேச்சல்லாததைக் குப்பையில் போடுகிறது. மின்விசிறி, ஏசி போல ஒரே சீராக நீளும் ஒலி அதன் கண்ணில் சுத்தமான இரைச்சல்; அதனால் தம்பூரா சுருதியோ புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரமோதான் முதல் பலி. மூன்றாவது, ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு. நீங்கள் பேசும்போது இது அளவைத் தாழ்த்தும், பேச்சை நிறுத்தினால் உயர்த்தும். ஆகவே தப்பிப் பிழைத்த இசையும் அலை மாதிரி ஏறியிறங்கிக் கேட்பவருக்குத் தலைசுற்றலைத் தரும்.

இந்த மூன்றையும் அணைத்துவிட்டால் இசை தெளிவாகும் என்பது உண்மையே. ஆனால் கூடவே உங்கள் வீட்டு மிக்ஸியும் தெளிவாகக் கேட்கும். குரலும் இசையும் ஒரே பாதையில் போகக் கூடாது, இசையின் ஒலியளவு கேட்பவர் கையில் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

டிஸ்கார்டின் ஒலித்தரம் குறைவு என்பதால்தான் இசை கெடுகிறது என்கிறார்களே?

பழி தவறான இடத்தில் விழுகிறது. டிஸ்கார்ட் பயன்படுத்துவது ஓபஸ் என்னும் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. 2012இல் இணையத் தரநிலையாக ஏற்கப்பட்டது. பேச்சுக்கென ஸ்கைப்பிலிருந்து வந்த ஒரு பகுதியையும் இசைக்கென ஸிஃப் அமைப்பு உருவாக்கிய இன்னொரு பகுதியையும் இணைத்துச் செய்யப்பட்டது என்பதால் நொடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை இரண்டையும் அது நன்றாகவே கையாளும். டிஸ்கார்டின் குரல் சேனலுக்கு இயல்பாக அமைந்திருப்பது 64 கிலோபிட். சேனல் அமைப்புக்குள் போய்க் கட்டணமின்றியே 96 வரை உயர்த்தலாம், பூஸ்ட் பெற்ற, அதாவது உறுப்பினர்கள் பணம் செலுத்தி மேம்படுத்திய சர்வர்களில் 384 வரை போகலாம். தாழ்ந்த ஒலியில் ஓடும் பின்னணிக்கு 96 தாராளம். இசையைக் கெடுப்பவை மேலே சொன்ன மூன்று வாசல்கள்தான்.

அப்படியானால் இசையை எந்த வழியில் அனுப்புவது?

என் முதல் பரிந்துரை, ஒவ்வொருவரின் உலாவியிலும் இசை தனித்தனியாக ஒலிக்கும் வழி. ஃபவுண்ட்ரியின் பிளேலிஸ்ட், அதைப் போன்ற இன்னொரு தளமான ரோல்20இன் ஜூக்பாக்ஸ் ஆகிய இரண்டும் இப்படித்தான் இயங்குகின்றன. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் "இந்தக் கோப்பை ஒலிக்கவிடு" என்ற கட்டளை மட்டும் எல்லோருக்கும் போகிறது. கோப்பை அவரவர் உலாவியே இறக்கிக்கொள்கிறது. குரல் டிஸ்கார்டில், இசை உலாவியில் என்று பாதைகள் பிரிந்துவிடுகின்றன. ஃபவுண்ட்ரியில் இசை, சூழல் ஒலி, இடைமுக ஒலி மூன்றுக்கும் தனித்தனி ஒலியளவுப் பட்டைகள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் திரையிலும் இருக்கின்றன. ஒருவர் இசையைச் சுத்தமாக அணைத்தாலும் மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வரைபடத்தில் அருவி இருக்கும் இடத்தில் அருவி ஒலியை நட்டு, பாத்திரம் அருகே வரும்போது மட்டும் கேட்கும்படியும், நடுவே சுவர் இருந்தால் மறையும்படியும் அமைக்கலாம். முதல் முறை அதைக் கேட்டபோது எங்கள் குழுவில் ஒருவர் தன் பாத்திரத்தை வேண்டுமென்றே முன்னும் பின்னும் நடத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் பத்து நிமிடம் நின்றுபோயிற்று.

ஃபவுண்ட்ரியை உங்கள் வீட்டுக் கணினியிலேயே இயக்குகிறீர்கள் என்றால் ஒரு கணக்குப் போட வேண்டும். 192 கிலோபிட் தரத்தில் 10 நிமிட எம்பி3 ஒன்று 14.4 மெகாபைட். நான்கு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் 57.6 மெகாபைட், பதிவேற்ற வேகம் 10 மெகாபிட் என்றால் முழுவதும் போய்ச் சேர ஏறக்குறைய 46 நொடி. உங்கள் குரலும் அதே குழாயில் நெருக்கியடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அரக்கன் கதவை உடைத்துக்கொண்டு வரும் கட்டத்தில் கேம் மாஸ்டரின் குரல் துண்டு துண்டாகக் கேட்பதன் பின்னணி பல சமயம் இதுதான். கோப்புகளை ஓக் வடிவத்தில் 96 கிலோபிட்டுக்கு மாற்றினால் அளவு பாதியாகும். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் வந்து சேரும் நேரத்தில் அன்றைய கோப்புகளை முன்கூட்டியே இறக்கச் செய்துவிட்டால் நடுவில் தொல்லை இருக்காது.

குரல் சேனலுக்குள் இசையை ஒலிக்கவிடும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்றை வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். அது இரண்டாவது நல்ல வழி. பாட் தனி உறுப்பினராகச் சேனலுக்குள் வருவதால் மைக் வாசல்கள் எதையும் கடக்காமல் நேரடியாக ஒலியை அனுப்புகிறது. பேசுபவர்களின் ஒலியளவைப் போலவே பாட் அனுப்பும் ஒலியின் அளவையும் ஒவ்வொருவரும் தம் பக்கத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ள முடியும்.

ஒரு காலத்தில் இதற்கு எல்லோரும் நாடியவை க்ரூவி, ரிதம் என்னும் இரண்டு பாட்கள். யூடியூபிலிருந்து ஒலியை எடுத்து வழங்கியதற்காகக் கூகுள் தரப்பிலிருந்து எச்சரிக்கை போனதைத் தொடர்ந்து 2021 ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்தடுத்து இரண்டும் சேவையை நிறுத்தின. பழைய வழிகாட்டிகளில் அவற்றின் பெயரைப் பார்த்துத் தேடி அலைய வேண்டாம். இன்று டேபிள்டாப் ஆட்டக்காரர்கள் பலர் பயன்படுத்துவது கென்கு எஃப்எம். கணினியில் நிறுவும் இலவச மென்பொருள் இது. டிஸ்கார்டின் டெவலப்பர் பக்கத்தில் உங்களுக்கென ஒரு பாட் உருவாக்கி, அதன் கடவுச்சொல் போன்ற டோக்கனை இதில் ஒட்ட வேண்டும். முதல் முறை கொஞ்சம் மிரட்சியாக இருக்கும். கால் மணி நேர வேலைதான். அந்த டோக்கனை யாருக்கும் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டிலும் விட்டுவிடாதீர்கள்.

திரைப் பகிர்வோடு ஒலியையும் அனுப்பலாமே?

அவசரத்துக்கு ஆகும். பகிர்வைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே இசை கேட்கும் என்பதால், கைப்பேசியில் இருப்பவர் அதை மறந்துவிட்டு, "எனக்கு எதுவுமே கேட்கவில்லை" என்பார். ஜூமில் ஆடுபவர்கள் பகிரும்போது ஒலியையும் பகிரும் தெரிவை மறக்காமல் குறியிட வேண்டும்.

விர்ச்சுவல் கேபிள் என்கிறார்களே, அது என்ன?

கணினிக்குள் மென்பொருளாலேயே போடப்படும் கற்பனைக் கம்பி. ஒரு நிரலிலிருந்து வெளியேறும் ஒலியை இன்னொரு நிரலின் மைக்காகக் காட்டும். விண்டோஸில் விபி-கேபிளும் வாய்ஸ்மீட்டரும், மேக்கில் பிளாக்ஹோலும் இதற்குப் பெயர்பெற்றவை. உங்கள் குரலையும் இசையையும் ஒன்றாகக் கலந்து டிஸ்கார்டுக்கு ஒரே மைக்காகக் கொடுத்துவிடலாம்.

நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. கலந்த பிறகு குரலையும் இசையையும் பிரிக்க யாராலும் முடியாது. இசை அதிகமாகத் தோன்றும் ஆட்டக்காரர் உங்களையே குறைத்தாக வேண்டும். அத்துடன் மூன்று வாசல்களையும் கட்டாயம் அணைக்க வேண்டியிருக்கும். வேறு வழியே இல்லையென்றால் டிஸ்கார்டில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, அந்தக் கணக்குக்கு மட்டும் கேபிளை மைக்காகக் கொடுங்கள், குரல் கலக்காது.

ஒருவருக்கு மட்டும் இசை கேட்கவில்லை. ஏன்?

உலாவி வழி என்றால், அவர் பக்கத்தைத் திறந்துவிட்டு எங்கும் கிளிக் செய்யாமல் இருந்திருப்பார். பயனர் பக்கத்தைத் தொடாதவரை ஒலியைத் தானாகத் தொடங்கவிடாத கட்டுப்பாட்டைக் குரோம் 2018இல் கொண்டுவந்தது. திரையில் ஒரு கிளிக் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் அவருடைய ஒலியளவுப் பட்டை பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அழைப்பில் சேர்ந்ததும் இசை தானாக மங்கிவிடுகிறது. என்ன செய்வது?

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. விண்டோஸின் பழைய ஒலி அமைப்புப் பெட்டியில் தகவல்தொடர்புக்கென்று ஒரு தாவல் உண்டு. அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைப்பது அதில் இயல்பான தெரிவாக இருக்கும். "எதுவும் செய்யாதே" என்பதற்கு மாற்றிவிட வேண்டும். அடுத்து, டிஸ்கார்டின் குரல் அமைப்புகளிலும் யாராவது பேசும்போது மற்ற நிரல்களைத் தாழ்த்தும் பட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சிலர் வேண்டுமென்றே அதை இருபதில் வைத்துக்கொள்கிறார்கள். பேச்சு தொடங்கியதும் இசை சற்றே பணிவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது புளூடூத் ஹெட்செட். வழக்கமான புளூடூத் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு முறையும், மைக்கோடு பேசுவதற்கு வேறொரு முறையும் உண்டு. மைக்கைத் திறந்த கணமே அது பேசும் முறைக்குத் தாவுகிறது. ஸ்டீரியோ போய்விடும், தரம் பழைய தொலைபேசியின் அளவுக்கு இறங்கிவிடும். புளூடூத்தைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டிஸ்கார்டில் மைக்காக மடிக்கணினியின் உள்மைக்கைத் தேர்ந்தெடுத்தால் இசை உடனே திரும்பிவிடும். முந்நூறு ரூபாய்க் கம்பி இயர்போன் இந்த விஷயத்தில் விலையுயர்ந்த புளூடூத்தை வென்றுவிடுகிறது என்பதை நண்பர்களிடம் நம்பவைப்பதுதான் கடினம்.

இசை எவ்வளவு சத்தமாக இருக்கலாம்? எப்படிப்பட்ட இசை பொருந்தும்?

நான் செய்யும் சோதனை எளிது. இசையை ஓடவிட்டு, குழுவிலேயே மிக மெல்லப் பேசுபவரிடம் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வேன். யாராவது காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தால் இசையைக் குறைப்பேன். எல்லோரும் "இப்போது சரி" என்ற பிறகு, அதிலும் பாதியாக்குவேன். ஆட்டம் சூடுபிடிக்கும்போது எல்லோர் கவனமும் சிதறியிருக்கும் என்பதால் அந்தப் பாதி தேவைப்படுகிறது. காது சரியாகக் கேளாதவர் குழுவில் இருந்தால் அவர் சொல்லும் அளவே முடிவானது. இசையே வேண்டாம் என்றாலும் சரிதான்.

வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். ஒரு காது கதையைக் கேட்க, மற்றொரு காது வரியைப் பிடித்துக்கொண்டு போய்விடும். தமிழ் ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தெரிந்த திரைப்படத்தின் பின்னணி இசையைப் போட்டால் அடுத்த பத்து நிமிடம் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சுதான் நடக்கும். ஒருமுறை பேய்மாளிகைக் கட்டத்துக்கு எல்லோருக்கும் பழகிய ஒரு திகில் இசையைப் போட்டேன். பயப்பட வேண்டியவர்கள் வசனம் பேசிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மனிதக் குரலின் தெளிவு பெரும்பாலும் நடுத்தர அலைவரிசையில் இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியும் நாம் பேசிக்கொண்டுதானே இருந்தோம். அந்த நடுப்பகுதியை நிரப்பும் வயலின் கூட்டம், ஷெனாய் போன்றவற்றைத் தவிர்த்து, அடியில் உறுமும் முரசு, தாழ்ந்த தந்தி, காற்று, நீர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் குரலுக்கு இடம் கிடைக்கும். டேபிள்டாப் ஆடியோ என்னும் தளத்தில் இந்த விளையாட்டுகளுக்கென்றே 10 நிமிட அளவில் தயாரிக்கப்பட்ட சூழல் ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் தொடங்கியதும் அங்கேதான்.

எல்லோருக்கும் ஒரே நொடியில் கேட்குமா?

கேட்காது, பெரும்பாலும் கேட்கத் தேவையுமில்லை. மழை ஒருவருக்கு ஒரு நொடி பிந்திக் கேட்டால் யாருக்கும் நட்டமில்லை. இடி முழக்கம், கதவு உடைதல் போன்ற ஒற்றை ஒலிகளில்தான் சிக்கல்: "கதவு நொறுங்குகிறது" என்று நீங்கள் சொல்லி முடித்த பிறகு ஒருவருக்கு நொறுங்கும். ஒலியை முதலில் விட்டு, அது அடங்கிய பிறகு வாயைத் திறங்கள். குரலின் கதை வேறு. ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவர் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவார்கள்.

ஸ்பாட்டிஃபையில் சேர்ந்து கேட்கும் வசதி இருக்கிறதே?

இருக்கிறது. எல்லோரிடமும் பிரீமியம் கணக்கு இருக்க வேண்டும். கணக்கை டிஸ்கார்டோடு இணைத்தவர் தொடர்ந்து 30 நொடிக்கு மேல் பேசினால் இசை நின்றுவிடும்; பாட்டைக் குரல் வழியாக ஒலிபரப்புவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. கேம் மாஸ்டர் 30 நொடிக்குள் பேச்சை முடித்ததாக வரலாறு இல்லை.

எல்லோரும் ஒன்றாகப் பேசி யார் சொன்னதும் புரியாமல் போகிறது. பொத்தானை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும்படி வைக்கச் சொல்லலாமா?

நேரில் பேசும்போது ஒலி வரும் திசையை வைத்து இரண்டு பேச்சுகளைப் பிரித்தறிகிறோம். அழைப்பில் எல்லாக் குரலும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் அது முடிவதில்லை. ஆகவே பெயர் சொல்லி அழைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். "அடுத்து என்ன செய்கிறீர்கள்?" என்று பொதுவில் கேட்டால் நால்வர் பதில் சொல்வார்கள், அல்லது ஒருவரும் சொல்லமாட்டார்கள், பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரே ஒரு பதில் வரும்.

பொத்தானை அழுத்திப் பேசும் முறையை எல்லோருக்கும் கட்டாயமாக்காதீர்கள். சிரிப்பும், இருபது முகப் பகடையில் இருபது விழும்போது எழும் கூச்சலும் அதோடு போய்விடும். வீட்டில் சத்தம் உள்ளவர்கள் மட்டும் அதைப் பயன்படுத்தட்டும். எங்கள் கோவை நண்பரின் வீட்டில் இரவு உணவுக்குக் குக்கர் வைக்கும் நேரமும் எங்கள் ஆட்டம் தொடங்கும் நேரமும் ஒன்று. இரைச்சல் நீக்கும் மென்பொருள் விசிலைத் தின்றுவிடும். ஆனால் அதோடு அவர் பேச்சின் ஒரு துண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். மூன்றாவது விசில் வரை அவர் பொத்தானில் இருப்பார், பிறகு திறந்துவிடுவார்.

ஆட்டத்தைப் பதிவு செய்யலாமா? யூடியூபில் போட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

பதிவுக்கு முன் எல்லோருடைய ஒப்புதலையும் கேளுங்கள். கிரெய்க் என்னும் பாட் ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனித் தடமாகப் பதிந்து தரும். இசை உலாவி வழியாகப் போயிருந்தால் பதிவில் அது இருக்கவே இருக்காது. தேவையானதைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பாதைகளைப் பிரித்ததன் இன்னொரு லாபம்.

ஐந்து நண்பர்கள் தமக்குள் கேட்பதும் உலகத்துக்கு ஒளிபரப்புவதும் ஒன்றல்ல. யூடியூபின் அடையாளம் காணும் ஏற்பாடு சில நொடி இசையையும் பிடித்துவிடும். நேரலைத் தளமான ட்விட்ச் 2020இல் பதிப்புரிமைப் புகார்களால் பலருடைய பழைய காணொளிகளை நீக்கியது. தியாகராஜர் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். கீர்த்தனை பொதுச்சொத்துதான், நீங்கள் ஒலிக்கவிடும் ஒலிப்பதிவு அப்படியல்ல. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. ஒளிபரப்புவதானால், பிறர் பயன்படுத்தப் படைத்தவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையைத் தேர்ந்தெடுத்து, படைத்தவரின் பெயரைக் காணொளியின் விளக்கத்தில் குறிப்பிடுங்கள். வணிகப் பயன்பாட்டைத் தடை செய்யும் உரிமங்களும் அவற்றில் உண்டு என்பதால் விளம்பர வருவாய் பெறுபவர்கள் உரிமத்தை முழுதும் படிக்க வேண்டும்.

கைப்பேசி டேட்டாவில் ஆடுபவருக்கு எவ்வளவு செலவாகும்?

96 கிலோபிட்டில் நிற்காமல் ஓடும் இசை மணிக்கு 43 மெகாபைட், நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 173 மெகாபைட். குரல் இதைவிடக் குறைவு. யாரும் பேசாதபோது எதுவும் அனுப்பப்படுவதில்லை. செலவைவிட இணைப்பின் நடுக்கம்தான் பிரச்சினை. குரல் திக்கத் தொடங்கினால் அவர் முதலில் அணைக்க வேண்டியது இசையை.

கதையும் சொல்லி, விதியும் பார்த்து, இசையையும் மாற்றிக்கொண்டிருக்க முடியவில்லையே?

முடியாதுதான். நான் தொடக்கத்தில் நாற்பது தடங்களை அடுக்கி வைத்திருந்தேன். சரியானதைத் தேடி முடிப்பதற்குள் சண்டையே முடிந்திருக்கும். இப்போது ஓர் ஆட்டத்துக்கு ஆறு தடங்கள்: ஊர், பயணம், பதற்றம், சண்டை, துயரம், மழை. ஃபவுண்ட்ரியில் ஒரு காட்சியோடு ஒரு பிளேலிஸ்டை இணைத்து வைத்தால் வரைபடம் மாறும்போது இசையும் தானே மாறும். மங்கி மறையும் நேரத்தை மூன்று நான்கு நொடியாக அமைத்துவிட்டால் வெட்டு தெரியாது. அதுவும் சுமையாக இருந்தால் ஆட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் குழுவில் கென்கு எஃப்எம் இப்போது டொரன்டோ நண்பரின் கணினியில் ஓடுகிறது. மற்ற நால்வரும் இரவுச் சோர்வில் இருக்க, காலைக் காபியோடு உட்கார்ந்திருக்கும் அவர்தான் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சண்டை இசையைத் தொடங்கிவிடுகிறார். இரண்டு முறை நான் நினைத்தே பார்க்காத சண்டையை அப்படித்தான் ஆடினோம்.